சிறுநீரகத்தில் சிறு கட்டி: எந்த ஸ்கேன் எதைத் தீர்த்துச் சொல்லும்?

பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்கவோ, வருடாந்திர முழு உடல் பரிசோதனைக்காகவோ எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் அறிக்கையில், யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி வந்து நிற்கும்: வலது சிறுநீரகத்தில் 2.5 செ.மீ. கட்டி, மேற்கொண்டு பரிசோதனை தேவை. வலி இல்லை, சிறுநீரில் இரத்தம் இல்லை, ஆள் நன்றாக இருக்கிறார். இன்று கண்டறியப்படும் சிறுநீரகக் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படித் தற்செயலாகக் கண்ணில் படுபவைதான். அந்த வரியைப் படித்த குடும்பத்தின் கேள்வி ஒன்றே ஒன்று: இது புற்றுநோயா, இல்லையா? மருத்துவரின் முன்னாலோ பல வழிகள் கிடக்கின்றன. கான்ட்ராஸ்ட் (இரத்த ஓட்டமுள்ள இடங்களைப் படத்தில் ஒளிரச் செய்யும் மருந்து) கொடுத்து சிடி எடுக்கலாம், எம்ஆர்ஐ எடுக்கலாம், அணு மருத்துவ ஸ்கேன் செய்யலாம், ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்க்கலாம், சில மாதம் பொறுத்து மீண்டும் அளக்கலாம், நேராக அறுவை சிகிச்சைக்கும் போகலாம். 4 செ.மீ.க்கு மேற்படாத, சிறுநீரகத்தைத் தாண்டாத கட்டியை மனத்தில் வைத்து, இவற்றில் எது எந்தக் கேள்விக்கு விடை தரும், எது தராது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பீட்டுக்கு முன் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 2,770 நோயாளிகளிடமிருந்து அறுவை செய்து அகற்றப்பட்ட 2,935 சிறுநீரகக் கட்டிகளை அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1 செ.மீ.க்கும் சிறியவற்றில் 46 சதவீதம் தீங்கற்றவை. 1 முதல் 4 செ.மீ. வரையுள்ளவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றது. 7 செ.மீ.யைத் தொட்டவற்றிலும் தாண்டியவற்றிலும் அது 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புற்றுநோய் என்று எண்ணி அறுத்து எடுத்தவற்றின் கணக்கு இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதாவது 2.5 செ.மீ. கட்டியுள்ள ஐந்து பேரை அறுவை செய்தால், அவர்களில் ஒருவர் அந்த அறுவையே தேவைப்படாதவராக இருக்கலாம். அந்த ஒருவரை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா என்பதுதான் ஸ்கேன்களிடம் நாம் கேட்கும் கேள்வி.

அல்ட்ராசவுண்ட் கட்டியைக் கண்டுபிடித்துத் தரும். நீர்க்கட்டியா திடக்கட்டியா என்பதைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் கொண்ட சாதாரண நீர்க்கட்டி என்று அது உறுதியாகச் சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் எந்த ஸ்கேனும் வேண்டாம். சில சமயம் கட்டி போலத் தெரிவது கட்டியாகவே இருக்காது. சிறுநீரகப் புறணியின், அதாவது அதன் வெளி அடுக்கின், இயல்பான மடிப்பு உள்ளே துருத்திக்கொண்டு நிற்பதாக இருக்கும். ஆனால் திடக்கட்டி என்றால் அல்ட்ராசவுண்டின் சொல்லை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பளிச்சென்ற வெண்மையான சிறு கட்டியைக் கண்டதும் கொழுப்புள்ள தீங்கற்ற ஆஞ்சியோமயோலிபோமா என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. 3 செ.மீ.க்குக் குறைந்த புற்றுநோய்க் கட்டிகளிலும் ஒரு கணிசமான பங்கு அதே வெண்மையோடு தெரியும் என்பதால், அந்த வரியை நம்பி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது சரியல்ல. ஒரு முறையாவது சிடியிலோ எம்ஆர்ஐயிலோ கொழுப்பை நேரடியாகக் கண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த படியாகப் பெரும்பாலோருக்கு ஏற்றது பல கட்டங்களாக எடுக்கும் சிடி. எளிதில் கிடைக்கிறது, சில நிமிடங்களில் முடிகிறது, கட்டியின் இடத்தையும் இரத்தக் குழாய்களையும் அறுவை மருத்துவருக்கு வேண்டிய நுணுக்கத்தோடு காட்டுகிறது. ஆனால் அதன் பயன் முழுக்க முழுக்க அது எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. முதலில் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் ஒரு கட்டம் எடுக்க வேண்டும். இதைப் பிளெயின் என்பார்கள். மருந்து ஏற்றி 30, 40 விநாடிகளில் சிறுநீரகப் புறணி ஒளிரும் கட்டம், 90 முதல் 100 விநாடியில் சிறுநீரகம் முழுவதும் சீராக ஒளிரும் கட்டம் ஆகியவை அதன் பிறகு வர வேண்டும். இவற்றில் பெரும்பாலும் விட்டுப்போவது முதலாவதுதான். வயிற்று வலிக்காக எடுக்கும் வழக்கமான சிடியில் மருந்து ஏற்றிய பின் ஒரே ஒரு கட்டம் மட்டும் இருக்கும். அதில் சிறுநீரகக் கட்டி தெரிந்தால், அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாத நிலை வரும்.

ஏன் என்பதை எண்களோடு பார்த்தால் விளங்கும். சிடியில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் அளக்கப்படுகிறது. தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000. கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் எண்களில் இருக்கும். மருந்து ஏற்றிய பின் எடுத்த ஒற்றைக் கட்டத்தில் ஒரு கட்டி 55 அலகு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கு முன்னும் அது 55 ஆகவே இருந்திருந்தால், அது இரத்தமோ புரதமோ கலந்த நீர்க்கட்டி, உள்ளே இரத்த ஓட்டம் இல்லை, அஞ்ச வேண்டியதில்லை. மருந்துக்கு முன் 30 ஆக இருந்து 55-க்கு ஏறியிருந்தால், அது இரத்த ஓட்டமுள்ள திடக்கட்டி; பாப்பிலரி வகைப் புற்றுநோய் இப்படித்தான் மெல்ல ஏறும். ஒரே எண், பொருளோ நேர் எதிர். 20 அலகு அல்லது அதற்கு மேல் ஏறினால் உண்மையான ஒளிர்வு என்றும், 10-க்குக் குறைவாக ஏறினால் ஒளிர்வு இல்லை என்றும், இடைப்பட்டது ஐயத்துக்குரியது என்றும் கொள்வது நடைமுறை. கட்டி மிகச் சிறியதாக இருந்தால், சுற்றியுள்ள ஒளிர்ந்த சிறுநீரகத்தின் தாக்கத்தால் நீர்க்கட்டியும் பொய்யாகச் சற்று ஏறிக் காட்டும். இரட்டை ஆற்றல் சிடி கருவி உள்ள இடங்களில் கான்ட்ராஸ்ட் மருந்தில் உள்ள அயோடினை மட்டும் பிரித்துப் பார்த்து இந்தக் குழப்பத்தைக் குறைக்க முடிகிறது.

பிளெயின் கட்டத்தின் இன்னொரு பயன், சிடி உறுதியோடு தீங்கற்றது என்று சொல்லக்கூடிய ஒரே திடக்கட்டியைப் பற்றியது. ஆஞ்சியோமயோலிபோமாவுக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய கொழுப்பு இருக்கும். ரேடியாலஜிஸ்ட் கட்டியின் கரும்பகுதியில் சிறு வட்டம் ஒன்றை வைத்து அளக்கும்போது மைனஸ் 10-க்கும் கீழே, மைனஸ் 40, மைனஸ் 60 என்று வந்தால் ஏறத்தாழ முடிவு கிடைத்துவிட்டது. இந்த அளவீடு மெல்லிய அடுக்குகளில் செய்யப்பட வேண்டும். 5 மி.மீ. தடிமனுள்ள அடுக்கில், இரண்டு மி.மீ. கொழுப்புத் திட்டு பக்கத்துத் திசுவோடு சராசரியாகிக் கரைந்து, பிளஸ் 15 என்று காட்டி ஏமாற்றும்; அதே படத்தை 1.5 மி.மீ. அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் கொழுப்பு வெளிப்படும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்பட்டவருக்கும் இந்த மறு அளவீடு ஐந்து நிமிட வேலைதான் என்பதால், அதைக் கேட்டு வாங்குவதில் தயக்கமே வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கொழுப்போடு சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து இருந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சிடியின் எல்லை இதற்கு அப்பால் தொடங்குகிறது. சிறுநீரகப் புற்றுநோயின் முக்கிய வகையான கிளியர் செல், மருந்து ஏறியதும் வேகமாக ஒளிர்ந்து பிறகு மங்கும். 35-இலிருந்து 160-க்குத் தாவி, அடுத்த கட்டத்தில் 110-க்கு இறங்குவது அதன் வழக்கமான நடை. ஆனால் தீங்கற்ற ஆன்கோசைட்டோமாவும் ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்ளும். கட்டியின் நடுவில் நட்சத்திர வடிவத் தழும்பு இருந்தால் ஆன்கோசைட்டோமா என்று பழைய பாடநூல்கள் கற்பித்தன. குரோமோஃபோப் வகைப் புற்றுநோயிலும் அதே தழும்பு காணப்படுகிறது என்பதால் அதை மட்டும் வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. கொழுப்பு குறைவான ஆஞ்சியோமயோலிபோமாவும் இந்தக் குழப்பத்தில் சேரும். பிளெயின் கட்டத்திலேயே சிறுநீரகத்தைவிடச் சற்று வெண்மையாக, சீராகத் தெரிந்தால் அதைச் சந்தேகிக்கலாம், அவ்வளவே. இந்த இரண்டும்தான் அறுவைக்குப் பின் தீங்கற்றவை என்று தெரியவரும் கட்டிகளில் பெரும்பகுதி. எனவே "சிடியில் புற்றுநோய் போலத் தெரிகிறது" என்ற வரிக்கு, சிடியால் இதற்கு மேல் பிரிக்க முடியவில்லை என்பதும் பொருள் என்று நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும்.

நீர்க்கட்டிகளின் வழக்கு வேறு. நியூயார்க்கைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் மார்ட்டன் பாஸ்னியாக் 1986-இல் வகுத்து, 2019-இல் திருத்தி அமைக்கப்பட்ட வகைப்பாடு, உள்ளே தடுப்புச் சுவர்களும் தடிப்புகளும் உள்ள நீர்க்கட்டிகளைப் படிப்படியாகத் தரம் பிரிக்கிறது. முதல் இரண்டு வகைகளுக்கு எதுவும் செய்ய வேண்டாம். 2எஃப் என்பது கண்காணிப்புக்குரியது. மூன்றாம் வகையில் ஏறத்தாழ பாதி புற்றுநோய். நான்காம் வகையில் பத்தில் ஒன்பது. நீர்க்கட்டியில் ஊசிப் பரிசோதனை அவ்வளவாகப் பயன்படாது என்பதால், அங்கே படத்தின் தீர்ப்பே பெரும்பாலும் இறுதியாகிறது.

எம்ஆர்ஐயைச் சிடிக்கு மாற்றாகப் பலர் கேட்கிறார்கள், கதிர்வீச்சு இல்லை என்பதற்காக. அது நியாயமான காரணமே. வயிற்றுக்கு ஒரு கட்ட சிடி எடுத்தால் சுமார் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு சேரும். இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஓராண்டில் சேர்வது உலக சராசரியாக 2.4. கட்டங்கள் கூடக் கூட அளவும் கூடும். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு முறை எடுக்கும் சிடியில் இது பெரிய பொருட்டல்ல. முப்பது வயதில் தொடங்கிப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டியவருக்கு நிச்சயம் பொருட்டு. ஆயினும் எம்ஆர்ஐயின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. சிடியில் 10 முதல் 20 அலகுக்குள் ஏறி ஐயம் எழுப்பிய கட்டியில், மருந்துக்கு முந்தைய படத்தைப் பிந்தைய படத்திலிருந்து கழித்துப் பார்த்து, ஒளிர்வு உண்டா இல்லையா என்பதை எம்ஆர்ஐ தெளிவாகச் சொல்லிவிடும். திடக்கட்டிகளின் வகையைப் பிரிப்பதிலும் அது ஒரு படி முன்னே நிற்கிறது. டி2 என்னும் வகைப் படத்தில் கிளியர் செல் பெரும்பாலும் வெளிறித் தெரியும். பாப்பிலரி கறுத்துத் தெரியும், மெல்ல ஒளிரும். கொழுப்பு குறைந்த ஆஞ்சியோமயோலிபோமாவும் கறுத்தே தெரியும், ஆனால் வேகமாக ஒளிர்ந்து வேகமாக மங்கும். இந்த அடையாளங்களைச் சேர்த்து, கிளியர் செல்லாக இருக்கும் வாய்ப்பை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் முறையை டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் உருவாக்கினார்கள். நான்கு அல்லது ஐந்து வந்தால் கிளியர் செல்லாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒன்று அல்லது இரண்டு வந்தால் குறைவு. ஆனால் குறைந்த மதிப்பெண் என்பது தீங்கற்றது என்பதற்குச் சான்றிதழ் அல்ல. பாப்பிலரியும் அங்கேதான் விழும். உயர்ந்த மதிப்பெண்ணுக்குள் ஆன்கோசைட்டோமா நுழைந்துவிடுவதும் உண்டு.

எம்ஆர்ஐ அறிக்கையில் ஒரு பொறியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. எதிர்க்கட்டம் எனப்படும் படத்தில் கட்டியின் ஒளி குறைந்தால் உள்ளே கொழுப்பு இருக்கிறது என்று பொருள். ஆனால் அது செல்களுக்குள் நுண்ணளவில் இருக்கும் கொழுப்பு. கிளியர் செல் புற்றுநோயில் அது சாதாரணமாகக் காணப்படுவது. ஆஞ்சியோமயோலிபோமாவை உறுதிப்படுத்துவது திரண்ட கொழுப்பு. அந்தக் கொழுப்பு சிறுநீரகத் திசுவைத் தொடும் ஓரத்தில், அதே படத்தில், மையால் கோடு இழுத்தது போன்ற கருங்கோடு விழும். கொழுப்பை மறைக்கும் வகைப் படத்தில் அந்தப் பகுதி இருண்டுபோகும். இந்த இரண்டையும் வேறுபடுத்தாமல் "கொழுப்பு இருக்கிறது, ஆகவே தீங்கற்றது" என்று முடித்தால், புற்றுநோய் உள்ளவர் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார்.

சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததால் இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவு உயர்ந்த நோயாளிகளுக்கு, அவர்களின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR) 30-க்குக் கீழே இருந்தால், சிடி மருந்தைத் தவிர்க்க மருத்துவர்கள் முயல்வார்கள். எம்ஆர்ஐயின் காடோலினியம் மருந்துகளில் இன்று பரவலாகப் பயன்படும் நிலையான வகைகளால் தோலையும் உறுப்புகளையும் இறுகச் செய்யும் பழைய ஆபத்து மிகமிக அரிது. நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்டில் அந்தக் கவலையே இல்லை. குமிழிகளின் வாயு மூச்சு வழியாக வெளியேறிவிடும். நீர்க்கட்டியின் தடுப்புச் சுவரில் இரத்த ஓட்டம் உண்டா என்று பார்க்க இது அருமையான கருவி. செய்பவரின் கைத்திறனை அது பெரிதும் நம்பியிருக்கிறது என்பதும், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதும்தான் குறை.

புற்றுநோய் என்றாலே பெட் ஸ்கேன் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. வழக்கமான குளுக்கோஸ் பெட், சிறுநீரகக் கட்டியைப் பிரித்தறிய ஏற்றதல்ல. அந்த மருந்தே சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் முழுவதும் ஒளிரும். புற்றுநோய்க் கட்டிகளோ சில ஈர்க்கும், சில ஈர்க்காது. இந்தக் கேள்விக்காக மட்டும் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதைவிடக் குறைவாகப் பேசப்பட்டாலும் சிந்திக்கத் தக்கது, இதய ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம் செஸ்டாமிபி. ஆன்கோசைட்டோமா செல்களில், செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா அடைந்து கிடக்கும். செஸ்டாமிபி அங்கே போய்த் தங்குவதால் கட்டி ஒளிரும். கிளியர் செல் ஒளிராது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 50 நோயாளிகளில் செய்த ஆய்வில், ஆன்கோசைட்டோமாவையும் அதை ஒத்த கலப்பு வகையையும் பிற கட்டிகளிலிருந்து நல்ல துல்லியத்தோடு அது பிரித்தது. குரோமோஃபோப் சில வேளைகளில் ஒளிர்ந்துவிடுவது இதன் பலவீனம். அந்த வகை பெரும்பாலும் மெதுவாக வளர்வது என்பதால், கண்காணிப்புக்கு இசைந்த முதியவருக்கு இந்தப் பிழை அவ்வளவு பெரிய சேதம் செய்யாது.

இதற்கு எதிர்த்திசையில் செயல்படுவது சிர்கோனியம்-89 இணைத்த கிரெண்டுக்சிமாப். கிளியர் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தை அது தேடிப் பிடிக்கும். 2024-இல் வெளியான சிர்கான் ஆய்வில், கிளியர் செல்லைக் கண்டுபிடிக்கும் திறன் 85.5 சதவீதமும், அல்லாததை அல்ல என்று சொல்லும் திறன் 87 சதவீதமும் இருந்தன. மருந்து செலுத்தி ஐந்து நாள் அளவில் காத்திருந்து படம் எடுக்க வேண்டும். ஒளிர்ந்தால் செய்தி வலுவானது; ஒளிராவிட்டால் பாப்பிலரியும் குரோமோஃபோப்பும் இன்னும் பட்டியலில் இருக்கின்றன. அன்றாட மருத்துவத்தில் இன்று ஒருவர் தேர்ந்தெடுக்கும் வழியாக இதை நான் முன்வைக்கவில்லை. கணினி நிரல்கள் படத்தைப் படித்து வகை சொல்லும் ஆய்வுகளுக்கும் அதே நிலைதான்.

ஆக, எல்லாப் படங்களும் எடுத்த பின்னும் கொழுப்பில்லாத, வேகமாக ஒளிரும் 2.5 செ.மீ. கட்டி பலருக்குப் புதிராகவே மிஞ்சும். அங்கே ஊசிப் பரிசோதனையைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. சிறுநீரகக் கட்டியில், உறை ஊசிக்குள் ஊசி செலுத்தும் இன்றைய முறையில், அப்படிப் பரவுவது மிகமிக அரிது. ஊசி போன இடத்தைச் சுற்றி இரத்தம் சற்றுத் தேங்குவது உண்டு. பெரும்பாலும் தானே வற்றிவிடும். உண்மையான குறை வேறு. சுமார் 14 சதவீதம் பேருக்கு எடுத்த திசு போதாமல் முடிவே வராது. திரும்பச் செய்தால் பெரும்பாலோருக்கு விடை கிடைத்துவிடும். புற்றுநோய் என்று வந்தால் அதை நம்பலாம்; இல்லை என்று வந்தால் படத்தோடு பொருத்திப் பார்த்தே ஏற்க வேண்டும். அறுவைக்கு அஞ்சும் முதியவர், ஒரே சிறுநீரகம் உள்ளவர், வேறு உறுப்பில் ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர், நிணநீர்ப் புற்றுநோய் எனச் சந்தேகிக்கப்படுபவர் ஆகியோருக்கு ஊசியை முன்னால் கொண்டுவர வேண்டும். சிறுநீர் சேரும் குழிக்குள் வளர்வது போலத் தெரியும் கட்டிக்கு மட்டும் தோல் வழியே குத்துவதைத் தவிர்த்து, சிறுநீர்ப் பாதை வழியாக உள்நோக்கிப் பார்ப்பதே நல்லது.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கிளைத்த பெருங்கல்லோடு நீண்ட நாள் சீழ்பிடித்த சிறுநீரகம், குறிப்பாகச் சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு, புற்றுநோய் போலவே தோன்றக்கூடும். சிறுநீரகக் காசநோயும் அப்படியே. காய்ச்சல், சிறுநீரில் சீழ் அணுக்கள், எடை இழப்பு ஆகியவற்றை விசாரிக்காமல் படத்தை மட்டும் படிப்பவர் இந்த இடத்தில் வழுக்குவார்.

எந்த ஸ்கேன் என்று தேர்வதற்கு முன், அதன் விடை எதை மாற்றும் என்று கேட்க வேண்டும். எண்பது வயதில், இதய நோயோடு, 1.8 செ.மீ. கட்டியுள்ளவரை எந்த விடை வந்தாலும் அறுவை செய்யப் போவதில்லை என்றால், அவருக்கு நான்கு ஸ்கேன்களை அடுக்குவது துன்புறுத்தலே. அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய ஒரு கண்காணிப்புப் பதிவேட்டில், 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளைக் கவனமாகக் கண்காணித்துக் காத்திருந்தவர்களில் முதல் ஐந்தாண்டுகளில் அந்தப் புற்றுநோயால் இறந்தவர் இல்லை. சிறு கட்டிகள் ஆண்டுக்குச் சில மி.மீ.யே வளர்கின்றன. வளர்ச்சி வேகத்தை வைத்துத் தீங்கற்றதா என்று கண்டுபிடிக்க முடியாது, ஆன்கோசைட்டோமாவும் வளரும். ஆனால் ஆண்டுக்கு 5 மி.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ 4 செ.மீ.யைத் தாண்டினாலோ சிகிச்சைக்குத் திரும்பலாம். இதற்கு நேர்மாறாக, நாற்பத்தைந்து வயதில், 3.5 செ.மீ. கட்டி, சிடியில் கிளியர் செல்லின் நடை, கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காக்கக்கூடிய இடம் என்றால், மேலும் ஸ்கேன் தேடாமல் அறுவைக்குப் போவதை நான் ஆதரிப்பேன். இடைப்பட்ட அறுபது வயதுக்காரருக்கு, கொழுப்பில்லாத 2 செ.மீ. கட்டிக்கு, முறையான சிடிக்குப் பின் எம்ஆர்ஐ, அதிலும் தெளிவில்லையேல் ஊசி அல்லது செஸ்டாமிபி என்ற வரிசையே என் தேர்வு.

இரண்டாம் கருத்துக்குப் போகிறவர்கள் அச்சிட்ட ஃபிலிமை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம். ஸ்கேன் மையத்தில் முழுப் படங்களும் அடங்கிய குறுவட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். மெல்லிய அடுக்குகளும் பிளெயின் கட்டமும் அதில் இருக்கின்றனவா என்று அங்கேயே விசாரியுங்கள். சில நாட்கள் போனால் மெல்லிய அடுக்குகளைக் கணினியிலிருந்து அழித்துவிடும் மையங்களும் உண்டு. பிளெயின் கட்டமே எடுக்கப்படவில்லை என்று தெரிந்தால், சிடி முழுவதையும் மறுபடி எடுக்கச் சம்மதிக்கும் முன், பிளெயினை மட்டும் தனியே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் போதுமா என்று ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். பல நேரம் அது போதும்.